யோசிச்சு சொல்றேன், அண்ணி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஒரு துணிக்கடை லிஃப்டின் பாதுகாப்புச் சோதனை. நான்கு மாடி, ஒரே பெட்டி. கதவு முழுதாக மூடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது. சீல் வைத்தேன். கடைக்காரர் பின்னாலேயே வந்து, "பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது மேடம், ஒண்ணும் ஆகலையே" என்றார். ஆகிற வரைக்கும் எல்லா லிஃப்டும் அப்படித்தான் ஓடும் என்றேன். என்னைப் பெற்றவர்களைப் பார்த்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். இருபத்து மூன்று வருடமாகப் பழகிய பார்வை.

மத்தியானம் இவரோடு வீட்டில் சாப்பிடும்போது அண்ணி போன் செய்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

"உங்கண்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சும்மா. ஒன்றரை வருஷமா வாரத்துல மூணு நாள் மெஷின்லதான் படுக்கறார்."

ஒன்றரை வருடம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. அண்ணியின் ரத்த வகை சேரவில்லையாம். பிள்ளைகள் கிடையாது. அப்பா அம்மாவும் இல்லை. மிச்சம் இருப்பது கூடப்பிறந்த ஒரே ஒருத்தி. அண்ணி அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே போனில் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் வாய் திறந்து கேக்க மாட்டார். நான் கேட்டேன்னும் சொல்லிடாதே."

"யோசிச்சு சொல்றேன், அண்ணி" என்றேன்.

திரைச்சீலை எந்த நிறத்தில் வாங்கலாம் என்று கேட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

மார்ச் 5, புதன்

உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் நடந்ததை எழுதி வைத்துக்கொள்கிறேன். அறிக்கை எழுதுவதுபோல்.

ஆறு வருடத்துக்கு முன் அண்ணன் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டைச் சோதிக்க வேண்டியவர் விடுப்பில் போனார். என்னை அனுப்பினார்கள். லிஃப்டைத் தூக்கும் இரும்புக் கயிற்றில் ஒரு முறுக்கு நீளத்துக்குள் பத்துக் கம்பி அறுந்திருந்தால் கயிற்றை மாற்ற வேண்டும் என்பது எங்கள் விதி. அங்கே பதினான்கு. அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "நாலு கம்பிதானே அதிகம்? எனக்காக ஒரு கையெழுத்து போடக்கூடாதா?" என்றான். அவன் ஏழாவது மாடி. புது சோஃபா கீழே வண்டியில் வந்து நிற்கிறது. சீல் வைத்தேன்.

புதுக் கயிறு வருவதற்கு நாலு மாதம் ஆனது. சோஃபா ஐந்தாவது மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு இரண்டு நாள் அங்கேயே இருந்தது. ஐந்தாவது மாடிக்காரர்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்களாம்.

"நீ கம்பி எண்ணவே பொறந்தவடி" என்றான் எல்லார் முன்னாலும். சின்ன வயதிலிருந்தே ஒல்லி என்பதால் என்னைக் 'கம்பி' என்றுதான் கூப்பிடுவான். அன்றைக்கு அது வேறு கம்பி. அதோடு பேச்சு நின்றது.

நான் செய்தது சரி. இன்றைக்குக் கேட்டாலும் சீல்தான்.

மார்ச் 8, சனி

கட்டம் போட்ட தாளில் அட்டவணை. இடது பக்கம் 'வேண்டாம்', வலது பக்கம் 'கொடுக்கலாம்'. ஒவ்வொரு காரணத்துக்கும் ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண். என் வயது, வேலை, மகளின் படிப்பு, அறுவை சிகிச்சையின் ஆபத்து, அவன் உடம்பு ஏற்றுக்கொள்ளாமல் போகிற வாய்ப்பு, ஆறு வருட மௌனம், பொது இடத்தில் அவமானம்.

வேண்டாம்: 61. கொடுக்கலாம்: 52.

கடை மூடிவிட்டு வந்த இவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். சலூன் வைத்திருப்பவர். வாடிக்கையாளரின் தலையைப் பார்த்ததுமே கத்தரியைப் போட்டுவிடுவார். முடியானாலும் முடிவானாலும் ஒரே வெட்டு.

"உன்னைக் கட்டிக்கலாம்னு முடிவு பண்ண எனக்கு எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? ஒருத்தருக்கு ஷேவிங் முடிக்கிற நேரம்."

"தெரியும். அப்புறம்?"

"அப்புறம் என்ன, இருபத்திரண்டு வருஷமா யோசிச்சுட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

முட்டி வலி. மாத்திரை போடவில்லை. தாங்கக்கூடிய வலிதான்.

மார்ச் 10, திங்கள்

கூட்டலைச் சரிபார்த்தேன். கூட்டல் சரி. ஆனால் 'பொது இடத்தில் அவமானம்' 8, அதற்கு நாலு வரி கீழே 'மரியாதைக் குறைவு' 7. இரண்டும் ஒரே சம்பவம். ஒரே விரிசலை இரண்டு தடவை எழுதிய எத்தனை பயிற்சி மாணவர்களை நான் திட்டியிருக்கிறேன்!

அந்த 7-ஐ எடுத்துவிட்டேன். வேண்டாம்: 54. கொடுக்கலாம்: 52.

மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, இந்த மார்க்கெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான்."

"மாமா ஆறு வருஷம் பேசாததுக்கு ஒன்பது. மாமா செத்துப்போறதுக்கும் ஒன்பதா?"

அவள் கேட்ட பிறகுதான் நானும் பார்த்தேன். அவள் பதிலுக்கு நின்று காத்திருக்கிற ஆள் இல்லை, குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கப் போய்விட்டாள். அழிரப்பரை எடுத்து வலது பக்க ஒன்பதைப் பத்தாக்கினேன். அப்புறம் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்று கூட்டினால் சரியாகிவிடுமா?

மார்ச் 15, சனி

மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்து வந்தேன். இது முடிவு அல்ல. தகவல் சேகரிப்பு. தகவல் இல்லாமல் எப்படி முடிவெடுப்பது? இவரிடம் அப்படித்தான் சொன்னேன். "ஆமா ஆமா" என்றார். ஒரு 'ஆமா' போதும், இரண்டாவது தேவையில்லாதது.

மார்ச் 24, திங்கள்

ரத்தம் பொருந்துகிறது. நன்றாகவே பொருந்துகிறதாம். டாக்டர், "அண்ணன் தங்கச்சின்னாலும் எல்லாருக்கும் இப்படி அமையறதில்ல" என்றார். எங்களுக்குள் பொருந்துகிற ஒரு விஷயம் இருக்கிறது என்பதை அறிய இத்தனை ஊசி.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டேன். சாகிற வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு, மூன்று பேருக்கு என்றார். "ரொம்ப ரொம்பக் கம்மி" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்கு. பத்தாயிரம் தடவை ஏறினால் மூன்று தடவை விழும் என்று தெரிந்த லிஃப்டை நான் என்ன செய்வேன்? பூட்டி, சீல் வைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். கட்டடமே வந்து காலில் விழுந்தாலும் திறக்க மாட்டேன். அதுதான் என் வேலை. அதை வைத்துத்தான் இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

சரி. அப்படியானால் விடை தெரிந்துவிட்டது, இல்லையா? தெரிந்த பிறகு எதற்கு அடுத்த சோதனைக்கு நேரம் குறித்து வாங்கினேன்?

ஏப்ரல் 2, புதன்

இன்னொரு தகவல் சேகரிப்பு. இருபத்து நாலு மணி நேரச் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். கேனோடு ஒரு அலுவலகக் கட்டட லிஃப்ட் சோதனைக்குப் போனேன். காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "பழரசமா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொன்னதற்காக இன்று முழுவதும் வருந்தினேன். அவர் கண்ணில் கொஞ்சம் ஆசை தெரிந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

கோபம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாலு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தேன்.

"கம்பி, உன் கிட்னி எனக்கு வேணாம்."

ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய முதல் வாக்கியம். ஒரு ஹலோ இல்லை. பின்னால் மெஷின் சத்தம். அண்ணி உளறிவிட்டார் போலிருக்கிறது.

"நான் தரேன்னு சொன்னேனா?"

"சொல்லாத. சொல்றதுக்கு முன்னாடியே வேணாம்ங்கறேன். கொஞ்சமாவது யோசிச்சுப் பாரு. உனக்கு நாப்பத்தேழு வயசு."

"என் வயசு எனக்குத் தெரியும். நாப்பத்தேழுல தாராளமா குடுக்கலாம்."

"ஏணியில ஏறி இறங்கற வேலை."

"ஆறேழு வாரத்துல திரும்ப ஏறலாம். கேட்டாச்சு."

"பொண்ணு படிச்சிட்டிருக்கா."

"அவ படிக்கறதுக்கும் என் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்? கிட்னியை வெச்சா படிக்கறா?"

"என் உடம்பு ஏத்துக்கலன்னா? வீணாத்தானே போகும்?"

"நூத்துல தொண்ணூறு பேருக்கு மேல நல்லா இருக்காங்க. நான் படிச்சேன். நீ படிச்சியா? ஒண்ணையும் படிக்காம போன் பண்ணிட்டான்!"

அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு கேட்டான்:

"ஆறு வருஷம் உன்கூடப் பேசல. உனக்கு நான் என்ன செஞ்சு கிழிச்சுட்டேன், கம்பி?"

"ஒண்ணும் கிழிக்கல! அதுக்கு என்ன இப்போ? நீ பேசாம இருந்ததுல எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? அதுவே பெரிய உதவி!"

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா! வெச்சுடு போனை!"

அவன் வைப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கோ டீ கொண்டுவந்தவர் அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 12, சனி

காலையில் எழுந்து பல் துலக்கும்போதுதான் உறைத்தது. வயது, வேலை, மகள், உடம்பு ஏற்காதது, ஆறு வருட மௌனம். அவன் சொன்னது முழுக்க என் அட்டவணையின் இடது பக்கம். வரிசைகூட மாறவில்லை. ஒவ்வொன்றாக உடைத்தெறிந்தது நான்.

அப்படியானால் நான் முடிவு செய்துவிட்டேன். எப்போது?

எந்தப் பழுதுக்கும் தேதி இருக்கும். இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மார்ச் 24-ல் இல்லை, அன்றைக்கு 'வேண்டாம்' என்றுதான் கணக்கு வந்தது. மார்ச் 15 தகவல் சேகரிப்பு. மார்ச் 10 அழிரப்பர்.

மார்ச் 9. முட்டி வலி, மாத்திரை போடவில்லை.

ஏன் போடவில்லை? நான் தலைவலிக்கும் முட்டி வலிக்கும் மாத்திரை போடத் தயங்குகிறவள் இல்லையே. அந்த மாத்திரை கிட்னிக்கு ஆகாது என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் திரும்ப வைத்தேன், இப்போது நினைவு வருகிறது. அட்டவணையில் 61–52 என்று இருந்ததற்கு மறுநாள்! என் கை எனக்குத் தெரியாமல் சரக்கைப் பத்திரப்படுத்தியிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "எனக்கு மார்ச் நாலாம் தேதியே தெரியும்" என்றார்.

"எப்படி?"

"போனை வெச்சதும் போய் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சே."

இருபத்திரண்டு வருடம் யோசித்ததில் இதாவது தேறியிருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அழுதார். அப்புறம், "அவர் ஒத்துக்கணுமே" என்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நானே கொண்டுவந்து அவன் வாசலில் வைத்துவிட்டுப் போவேன் என்றேன். ஏழாவது மாடி என்றார் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மே 6, செவ்வாய்

அண்ணன் மூன்று வாரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தானாம். எனக்கு நேரே சொல்லவில்லை.

இன்றைக்கு மருத்துவமனை ஆலோசகரிடம் நேர்காணல். சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, யோசித்துத்தான் தருகிறேன் என்று அவர் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். யோசித்ததற்கு ஆதாரமாக அட்டவணையைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இதுப்படி பார்த்தா வேண்டாம்னுதானே வருது?"

"ஆமாங்க. ரெண்டு மார்க் வித்தியாசம். ஒண்ணைத் திருத்தினதுல இப்போ ஒரு மார்க்."

"அப்போ ஏன் குடுக்கறீங்க?"

இருபத்து மூன்று வருடமாகக் காரணம் எழுதாமல் ஒரு கையெழுத்து போட்டதில்லை. தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அவர் டிஷ்யூ பெட்டியை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். நான் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சண்டை இன்னும் முடியலைங்க" என்றேன் கடைசியில்.

"புரியல."

"நான் செஞ்சது சரின்னு அவன் இன்னும் ஒத்துக்கல. செத்துட்டான்னா யாருகிட்ட போய் கேக்கறது? எனக்கு அவனோட சண்டை போடணும். இன்னும் ஒரு முப்பது வருஷம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பாசம்னு எழுதிக்கட்டுமா?"

"வேண்டாங்க. சண்டைன்னே எழுதுங்க."

"ஃபார்ம்ல அப்படிக் கட்டம் இல்லையே."

'மற்றவை' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நன்றாகத்தான் நடந்து வந்தேன். அங்கே உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர். டிஷ்யூ ஒன்றாவது எடுத்து வந்திருக்கலாம்.

ஜூன் 11, புதன்

அறுவை சிகிச்சைக்கு முன் கடைசிக் கையெழுத்துகள். பதினாறு பக்கம். எல்லாரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து போட்டுவிட்டுப் போவார்களாம். நான் உட்கார்ந்து படித்தேன். ஒப்பந்தமா படிக்கிறீர்கள் என்று கேட்டார் நர்ஸ். ஆமாம், இது ஒப்பந்தம்தானே?

மூன்றாம் பக்கத்தில் இடது சிறுநீரகம். பதினோராம் பக்கத்தில் வலது சிறுநீரகம்.

சர்ஜனைப் பார்க்காமல் கையெழுத்து போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்தார், முகத்தில் அந்தத் துணிக்கடைக்காரரின் அதே பார்வை. இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டினேன். பார்வை போய்விட்டது. இடதுதான் எடுக்க வேண்டியது. யாரோ பழைய படிவத்தை நகலெடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஆபரேஷன் மேசையிலும் ஒரு தடவை பார்ப்போம், தப்பு நடக்க வாய்ப்பில்லை என்றார். ஆனால் தன் கையாலேயே அடித்துத் திருத்தி, தேதி போட்டு, நர்ஸை அழைத்துப் பதினாறு பக்கத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னார்.

"நல்ல வேளை, கவனிச்சீங்க."

"வேளை எல்லாம் இல்ல டாக்டர். பதினோராம் பக்கம்."

கொடுக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது கட்டம் போட்ட தாள் ஒன்றுக்கும் உதவவில்லை. எதைக் கொடுக்கிறோம் என்பதற்கு, நல்லவேளை, நான் நானாகவே இருந்தேன். நல்லவேளை என்று நானும் எழுதிவிட்டேன் பார்.

ஜூன் 16, திங்கள்

நாளை. பயமாக இருக்கிறது. மதிப்பெண் போடவில்லை.

ஜூன் 19, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். சிரிக்கக்கூடாது, தும்மக்கூடாது. இவர் வந்தார். அதுதான் பிரச்சினை. எனக்குத் தலை வாரிவிட்டு, பழக்கதோஷத்தில் தலையணைத் துணியை எடுத்து உதறி, "அடுத்தது யாரு?" என்று வார்டைப் பார்த்துக் கேட்டார். தையல் பிய்ந்துபோகும் என்று நினைத்தேன்.

கிட்னி அவன் உடம்பில் வைத்த சில நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிட்டதாம். நர்ஸ் வந்து சொன்னார். விடுப்பு எடுக்கத் தெரியாத கிட்னி.

ஜூன் 24, செவ்வாய்

மருத்துவமனை நடைபாதையில் அண்ணனைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நத்தை மாதிரி வருகிறோம். பாதி ஆளாகிவிட்டான். முகமூடிக்கு மேலே கண் மட்டும் பழைய கண். இரண்டடி தள்ளி நின்றான்.

"வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத. என்னைவிட உனக்குத்தான் அதிகமா வலிக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"தெரியுதுல்ல, அப்புறம் ஏன் கேக்கற?"

"அந்தக் கயிறு விஷயம்" என்று ஆரம்பித்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

கேட்டுவிடலாம் என்று இருந்தது. அவ்வளவு வேகமாக என்னால் நடக்க முடியவில்லை.

ஜூலை 30, புதன்

வேலைக்குத் திரும்பினேன். ஏணி இல்லை, இன்னும் மேசைதான்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று எனக்கும் அவனுக்கும் ஒரே நாளில் பரிசோதனை. காலையில் வாசலில் ஹாரன். பார்த்தால் அண்ணன், தான் நடத்துகிற ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரோடு. மேலே 'கற்றுக்கொள்பவர்' பலகைகூட இருக்கிறது. மறுபடி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை என்று அண்ணி பின் இருக்கையிலிருந்து முறையிட்டார்.

என்னை முன்னால் உட்காரச் சொன்னான். பயிற்சி கார் என்பதால் என் பக்கமும் ஒரு பிரேக். முதல் சிக்னலில் மஞ்சள் விழுந்தது. அவன் போகப் பார்த்தான். நான் அமுக்கினேன்.

"ஏய்! யாரு ஓட்டறது?"

"மஞ்சள்."

"மஞ்சள்னா போகலாம்!"

"மஞ்சள்னா நிக்கணும். நீ சொல்லிக்குடுத்து இந்த ஊர்ல எத்தனை பேரு இப்படி ஓட்டறாங்களோ!"

அங்கிருந்து பாலம் வரைக்கும் சண்டை. பாலத்தில் குறுக்கு வழியா நேர் வழியா என்று இன்னொரு சண்டை. அண்ணி கண்ணை மூடிக்கொண்டார், தூங்குவதுபோல். திருப்பத்தைத் தவறவிட்டோம். அதற்கும் காரணம் நான்தானாம்.

நடுவில் ஒரு பெட்ரோல் பங்கைப் பார்த்ததும் சட்டென்று ஓரம் கட்டி நிறுத்தி, கதவைத் திறந்துகொண்டு கழிப்பறைப் பக்கம் ஓடினான். ஏற்கெனவே நேரமாகிவிட்டது. நான் ஹாரனில் கை வைத்தேன்.

"அடிக்காதே" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமலே. "மெஷின்ல இருந்தப்போ அவருக்குச் சொட்டுக்கூட வராதும்மா. ஒன்றரை வருஷம்."

கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, முகம் முழுக்கச் சிரிப்பு, பரீட்சையில் பாஸானவன் மாதிரி. தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டினான். காலையிலிருந்து மூன்றாவது தடவை.

நான் கோபமாக இருப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.